இந்தியாவின் முறைசாரா மீள்சுழற்சித் துறை

இந்தியாவின் முறைசாரா மீள்சுழற்சித் துறை என்பது பழைய தாள், இரும்பு, நெகிழி, கண்ணாடி, மின்னணுக் கழிவு முதலியவற்றைச் சேகரித்து, வகை பிரித்து, தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாக மாற்றித் தரும் தனியாட்கள், குடும்பங்கள், சிறு கடைகள், பட்டறைகள் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை தொழில் பதிவு, எழுத்துவழி வேலை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்பு ஆகியவை இன்றி இயங்குவதால் 'முறைசாரா' என அழைக்கப்படுகின்றன. இந்திய நகரங்களில் மீள்சுழற்சிக்குச் செல்லும் பொருட்களில் பெரும்பகுதி இத்துறையினரின் கைகள் வழியாகவே செல்கிறது.

உருக்கு, தாள், நெகிழி, பித்தளை, ஈயம் போன்ற பல தொழில்களின் மூலப்பொருள் வழங்கலில் இத்துறை இன்றியமையாத பங்கு வகிக்கிறது. ஆகையால் பேண்தகு உற்பத்தி பற்றிய பேச்சில் இதனைத் தவிர்க்க இயலாது. அதே வேளை, இத்துறையின் சில செயல்முறைகள் தொழிலாளரின் உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் கடுந்தீங்கு விளைவிப்பவை. எனவே இத்துறையை அகற்றிவிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா, அல்லது அதன் வலுவான பணிகளை ஆதரித்துத் தீங்கான பணிகளை மட்டும் தக்க ஆலைகளுக்கு மாற்றுவதா என்பது கழிவு மேலாண்மைக் கொள்கையின் மையக் கேள்விகளுள் ஒன்றாக உள்ளது.

பெயர்

இந்தி பேசும் பகுதிகளில் பழைய பொருள் வாங்குவோர் 'கபாடிவாலா' எனப்படுகின்றனர். தமிழ்நாட்டில் தெருத்தெருவாகச் சென்று வாங்குவோரைப் பழைய பேப்பர்காரர், பழைய இரும்புக்காரர் என்றும், அவர்கள் விற்கும் கடையைக் காயலான் கடை என்றும் கூறுவர். காயலான் என்னும் சொல்லைக் காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புபடுத்திப் பெயர்க்காரணம் கூறுவதுண்டு.

தெருக்கள், குப்பைத் தொட்டிகள், குப்பைக் கிடங்குகள் ஆகியவற்றிலிருந்து பொருட்களைப் பொறுக்குவோர் வழக்கில் 'குப்பை பொறுக்குவோர்' எனப்பட்டனர். இச்சொல் இழிவுப் பொருள் தருவதாகக் கருதப்படுவதால், 'கழிவு சேகரிப்போர்' என்னும் சொல் அண்மைக்காலத்தில் பயன்படுத்தப்படுகிறது. இந்தியாவின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 கழிவு சேகரிப்போருக்குத் தனி வரையறை அளித்தன. கழிவு உருவாகும் இடம், தெரு, தொட்டி, கிடங்கு முதலியவற்றிலிருந்து மீளப் பயன்படுத்தத்தக்க பொருட்களைச் சேகரித்து, நேரடியாகவோ இடைத்தரகர் வழியாகவோ மீள்சுழற்சியாளருக்கு விற்று வாழ்க்கை நடத்துபவர் என்பது அவ்வரையறையின் சாரம்.

அமைப்பு

இத்துறை பல அடுக்குகளைக் கொண்டது. ஒவ்வோர் அடுக்கிலும் பொருளின் தூய்மையும் விலையும் கூடுகின்றன.

* கழிவு சேகரிப்போர்: பிறர் எறிந்த பொருட்களை விலையின்றிச் சேகரிப்பவர்கள். இவர்களில் பெண்கள், தலித்துகள், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் ஆகியோர் மிகுதி.
* தெருவில் வாங்குவோர்: தள்ளுவண்டி அல்லது மிதிவண்டியில் சென்று வீடுகளிலும் கடைகளிலும் பணம் கொடுத்து வாங்குபவர்கள்.
* சிறு கடைக்காரர்: மேற்கண்ட இருவரிடமிருந்தும் அன்றன்றே பணம் கொடுத்து வாங்கி, முதற்கட்ட வகைபிரிப்பைச் செய்பவர்கள். தேவைப்படும்போது முன்பணமும் கடனும் தருவதால், சேகரிப்போர் ஒரே கடைக்குத் தொடர்ந்து விற்கும் நிலை ஏற்படுகிறது.
* மொத்த வணிகர்: பெரும்பாலும் ஒரே வகைப் பொருளைப் பெருமளவில் சேர்த்து ஆலைகளுக்கு அனுப்புபவர்கள்.
* பதப்படுத்துவோர்: நெகிழியை அரைத்துக் கழுவிக் குருணையாக்குதல், உலோகத்தை உருக்குதல், பழைய கருவிகளைப் பிரித்தல் முதலியவற்றைச் செய்யும் பட்டறைகள்.

கடைசி அடுக்கில் பொருளை வாங்கும் ஆலை பெரும்பாலும் பதிவு பெற்ற, வரி செலுத்தும் நிறுவனமாக இருக்கும். ஆகவே முறைசார், முறைசாராத் துறைகள் இரண்டும் தனித்தனியானவை அல்ல. ஒரே வழங்கல் சங்கிலியின் இரு முனைகள் எனலாம். ஆலையில் உலோகத்தின் விலை உலகச் சந்தையைப் பொறுத்து அமைகிறது. அவ்விலை வீழும்போது ஒவ்வோர் அடுக்கினரும் தம் இழப்பைக் கீழ் அடுக்குக்குத் தள்ளிவிடுவதால், இறுதிச் சுமை கழிவு சேகரிப்போர் மீது விழுகிறது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார நெருக்கடியால் பழைய பொருட்களின் விலை சரிந்தபோது, பல நாடுகளில் கழிவு சேகரிப்போரின் வருவாய் கடுமையாகக் குறைந்தது. கச்சா எண்ணெய் விலை குறையும் காலங்களில் புதிய நெகிழி மலிவாவதால், பழைய நெகிழிக்கான தேவையும் குறைகிறது.

உற்பத்தித் தொழிலில் பங்கு

மூலப்பொருளும் ஆற்றலும்

தாதுவிலிருந்து உலோகம் எடுப்பதைவிடப் பழைய உலோகத்தை உருக்குவதற்குக் குறைந்த ஆற்றலே தேவை. ஒரு டன் அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க நான்கைந்து டன் பாக்சைட்டும், மின்னாற்பகுப்புக்கு மட்டும் ஏறத்தாழ 14,000 கிலோவாட் மணி மின்சாரமும் தேவைப்படுகின்றன. பழைய அலுமினியத்தை உருக்கும்போது இவ்வாற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகிறது. செப்பு, உருக்கு, தாள், நெகிழி ஆகியவற்றிலும் வெவ்வேறு அளவில் ஆற்றல் மிச்சம் உண்டு. இதனால் பைங்குடில் வளிம வெளியீடும் குறைகிறது.

இந்தியாவின் பல தொழிற்பகுதிகள் பழைய பொருட்களை நம்பியே வளர்ந்தவை. பஞ்சாபின் மண்டி கோபிந்த்கரில் பழைய இரும்பைக் கொண்டு இயங்கும் உருக்கு ஆலைகள் உள்ளன. குசராத்தின் அலங்கில் உடைக்கப்படும் கப்பல்களின் தகடுகள் மறு உருட்டாலைகளுக்குச் செல்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் குசராத்தின் ஜாம்நகரிலும் உள்ள பித்தளைத் தொழில்கள் பழைய பித்தளையைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. அரியானாவின் பானிப்பத்தில் பழைய கம்பளித் துணிகளிலிருந்து மீண்டும் நூல் நூற்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் வார்ப்படச் சாலைகள் நீரேற்றி, மின்னோடி ஆகியவற்றின் உறுப்புகளை வார்க்கப் பழைய இரும்பைப் பயன்படுத்துகின்றன. திருப்பூரின் பின்னலாடைத் துண்டுக் கழிவு, ஓப்பன் எண்ட் நூற்பாலைகளில் மீண்டும் நூலாகிறது.

வகைபிரித்தல்

இத்துறையின் பணிகளில் மிகவும் குறைவாக மதிக்கப்படுவது வகைபிரித்தலே. ஆனால் தொழில்நுட்ப நோக்கில் மீள்சுழற்சியின் தரத்தைத் தீர்மானிப்பது அதுவாகும்.

எடுத்துக்காட்டாக, குடிநீர்ப் புட்டிகள் செய்யப்படும் பெட் நெகிழியை உருக்க ஏறத்தாழ 260 முதல் 280 பாகை செல்சியசு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தில் பி.வி.சி. நெகிழி சிதைந்து ஐதரசன் குளோரைடை வெளிவிடும். எனவே பெட் நெகிழியில் மிகச் சிறிதளவு பி.வி.சி. கலந்திருந்தாலும் முழுத் தொகுதியும் மஞ்சளாகி வலுவிழக்கும். பாலியெத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரில் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். ஆகவே நீர்த்தொட்டியால் மட்டும் பெட்டையும் பி.வி.சி.யையும் பிரிக்க இயலாது. அனுபவமுள்ள தொழிலாளர் நிறம், வளையும் தன்மை, உடையும்போது எழும் ஒலி, எரியும்போது வரும் மணம் ஆகியவற்றைக் கொண்டு இவற்றை வேறுபடுத்துகின்றனர். இவற்றுள் எரித்து முகர்ந்து பார்க்கும் முறை உடல்நலத்துக்குத் தீங்கானது.

இதேபோல், உருக்கில் கலந்துவிட்ட செப்பை உலையில் எளிதில் நீக்க முடியாது. செப்பின் அளவு கூடினால், உருக்கைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும். ஒரு பழைய மின்னோடியிலிருந்து செப்புச் சுருளைக் கையால் பிரித்தெடுக்கும் தொழிலாளர், செப்பை மீட்பதோடு இரும்பின் தரத்தையும் காக்கிறார். இயந்திரத்தில் முழுதாக நொறுக்கும்போது இத்தகைய தூய்மையைப் பெறுவது கடினம்.

தீங்குகள்

முறைசாரா மீள்சுழற்சியின் எல்லாப் பணிகளும் ஒரே அளவு தீங்கானவை அல்ல. சேகரித்தல், பிரித்தல் ஆகியவற்றில் வெட்டுக்காயம், தொற்று, தூசு, பாரம் தூக்குதல் போன்ற இடர்கள் உள்ளன. கையுறை, காலணி, நிழலுள்ள பணியிடம், தண்ணீர் ஆகியவற்றால் இவற்றைப் பெருமளவு குறைக்கலாம். மாறாக, எரித்தல், அமிலத்தில் கரைத்தல், ஈயம் உருக்குதல் ஆகியவை தக்க ஆலையன்றிப் பாதுகாப்பாகச் செய்ய இயலாதவை.

மின்கம்பிகளை எரித்தல்: செப்பை எடுப்பதற்காகப் பி.வி.சி. உறையுள்ள கம்பிகளைத் திறந்தவெளியில் எரிக்கும்போது தையாக்சின் முதலிய நச்சுகள் உருவாகின்றன.

அமிலக் கழுவல்: மின்சுற்றுப் பலகைகளிலிருந்து தங்கம் எடுக்க நைட்ரிக் அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், சில இடங்களில் சயனைடு ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. எஞ்சும் கரைசல் பெரும்பாலும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றப்படுகிறது. தில்லியின் சீலம்பூர், மொராதாபாத் ஆகிய பகுதிகள் மின்னணுக் கழிவு தொடர்பான ஆய்வுகளில் அடிக்கடி குறிப்பிடப்படுபவை.

ஈயம் உருக்குதல்: ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகுவதால், பழைய ஊர்தி மின்கலங்களை ஒரு சாதாரண அடுப்பிலேயே உருக்கிவிடலாம். இவ்வெளிமையே ஆபத்துக்குக் காரணமாகிறது. ஈயத் துகள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை நிலையாகப் பாதிக்கக்கூடியது. செனகல் நாட்டின் தாக்கார் நகர்ப்பகுதியான தியாரோயில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரை 18 குழந்தைகள் இறந்தனர். பழைய மின்கலங்களிலிருந்து ஈயம் எடுத்ததால் மாசடைந்த மண்ணும் தூசியுமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. யுனிசெப் அமைப்பின் 2020 ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் குருதியில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறையற்ற மின்கல மீள்சுழற்சியை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகவும் அது சுட்டியது.

தெரியாமல் வந்து சேரும் ஆபத்துகளும் உண்டு. 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 கதிரியக்கப் பொருளால் பலர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற, பயன்பாட்டில் இல்லாத காமாக்கதிர்க் கருவி ஒன்றே அதன் மூலமாகும். முறைசார்ந்த நிறுவனம் ஒன்றின் பொறுப்பற்ற கழிவகற்றலுக்கு முறைசாராத் தொழிலாளர் உயிர்விலை கொடுத்த நிகழ்வாக இது சுட்டப்படுகிறது.

பணிகளைப் பகிர்ந்துகொள்ளல்

மின்னணுக் கழிவு பற்றிய ஆய்வுகளில் 2000களில் உருவான கருத்துரு ஒன்று, 'இரு உலகங்களிலும் சிறந்தது' என்னும் பொருள்படும் பெயரால் அறியப்படுகிறது. கையால் பிரிக்கும் பணியை உள்ளூர்த் தொழிலாளரும், நச்சுத்தன்மை மிக்க பகுதிகளிலிருந்து உலோகம் எடுக்கும் பணியை உயர்தொழில்நுட்ப ஆலைகளும் செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை. கையால் பிரிப்பதால் பொருட்கள் தூய்மையாகக் கிடைக்கின்றன, வேலைவாய்ப்பும் நிலைக்கிறது. ஆலையில் உருக்குவதால் அதிக உலோகம் மீட்கப்படுகிறது; நச்சும் கட்டுப்படுத்தப்படுகிறது.

இதற்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. ஒரு டன் பழைய கைப்பேசிகளில் சில நூறு கிராம் தங்கம் இருக்கக்கூடும். தங்கச் சுரங்கத் தாதில் பொதுவாக டன்னுக்குச் சில கிராமே உள்ளது. ஆனால் பட்டறைகளின் அமிலக் கழுவலில் இத்தங்கத்தில் பெரும்பகுதி வீணாகிறது. பெங்களூரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், பட்டறைகளில் ஏறத்தாழ கால்பங்குத் தங்கமே மீட்கப்படுவதாகக் காட்டின. பெல்சியம் போன்ற நாடுகளில் உள்ள ஒருங்கிணைந்த உருக்காலைகள் 95 விழுக்காட்டுக்கு மேல் மீட்கின்றன. எனவே பலகைகளைக் கரைக்காமல் முழுதாக விற்பது தொழிலாளருக்கே கூடுதல் வருவாய் தரக்கூடும்.

இக்கருத்துருவை ஒட்டி, 2000களின் பிற்பகுதியில் செருமானிய, சுவிட்சர்லாந்து அமைப்புகளின் துணையுடன் பெங்களூரில் முன்னோடித் திட்டம் ஒன்று நடைபெற்றது. முறைசாராத் தொழிலாளர் கூட்டாகப் பதிவு பெற்ற நிறுவனம் அமைக்கவும், சுற்றுப் பலகைகளை அமிலத்தில் இடாமல் வெளிநாட்டு உருக்காலைக்கு அனுப்பவும் ஊக்குவிக்கப்பட்டனர். தொழில்நுட்பத்தைவிடப் பணப்புழக்கமே இம்முறையின் பெரிய தடையாகும். உள்ளூர் வணிகர் அன்றே பணம் தருவார். உருக்காலையோ பெருந்தொகுதியாகப் பெற்று, மாதிரி எடுத்துப் பகுப்பாய்வு செய்த பின்னரே பணம் செலுத்தும். அதற்குப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். அன்றாட வருவாயில் வாழ்பவர் அதுவரை காத்திருக்க இயலாது. எனவே இடைக்காலக் கடன் வசதி இல்லாமல் இத்தகைய திட்டங்கள் நிலைப்பது அரிது.

இதே தருக்கம் ஈயத்துக்கும் பொருந்தும். மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குச் செலவிடாத பட்டறை, பழைய மின்கலத்துக்கு அதிக விலை தர முடிகிறது. ஆகவே தடை மட்டும் விதித்தால், பட்டறை ஊரின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இடம்பெயர்கிறதே அன்றி மறைவதில்லை. பாதுகாப்பான ஆலை பட்டறைக்கு இணையான விலையைத் தரும்போதே பொருள் அங்குச் செல்லும்.

சட்டங்களும் கொள்கைகளும்

* 2000: நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியிடப்பட்டன. இவை கழிவு சேகரிப்போருக்குத் தனி இடம் அளிக்கவில்லை.
* 2001: மின்கல விதிகள், புதிய ஈய மின்கலம் விற்போர் பழையதைத் திரும்பப் பெற்றுப் பதிவு பெற்ற மீள்சுழற்சியாளருக்கு அனுப்ப வேண்டும் என்றன. 2022 இல் இவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன.
* 2006: தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை, சேகரிப்பிலும் மீள்சுழற்சியிலும் ஈடுபட்டுள்ள முறைசாரா அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பு வழங்கி வலுப்படுத்தப் பரிந்துரைத்தது.
* 2011: மின்னணுக் கழிவு விதிகள் அறிவிக்கப்பட்டு, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்னும் கோட்பாடு இவற்றின் வழி மின்னணுத் துறையில் புகுத்தப்பட்டது. பொருளை விற்பதோடு உற்பத்தியாளரின் கடமை முடிவதில்லை. அது கழிவான பின் மீட்பதற்கும் அவரே பொறுப்பு என்பது இதன் பொருள்.
* 2016: திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு சேகரிப்போரின் அமைப்புகளை அடையாளம் கண்டு வீடுவீடாகச் சேகரிக்கும் பணியில் இணைக்குமாறு உள்ளாட்சிகளுக்குக் கடமை விதித்தன.
* 2022: நெகிழிப் பொதிகளுக்கான வழிகாட்டுதல்கள், கடினமான நெகிழிப் பொதிகளில் 2025-26 முதல் 30 விழுக்காடு மீள்சுழற்சி நெகிழி இருக்க வேண்டும் என்றும், 2028-29 இல் இது 60 விழுக்காடாக உயரும் என்றும் இலக்கு வகுத்தன.
* 2023: புதிய மின்னணுக் கழிவு விதிகள் ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளர்கள் பதிவு பெற்ற மீள்சுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கி இலக்கை நிறைவு செய்யும் முறை இவற்றில் உள்ளது.
* 2024: தூய்மைப் பணியாளருக்கான நமஸ்தே திட்டத்தில் கழிவு சேகரிப்போரும் சேர்க்கப்பட்டு, அவர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கியது.

சான்றிதழ் முறையில் ஆலையின் வாயிலில் நடப்பது மட்டுமே கணக்கில் வருகிறது. பொருளைச் சேகரித்து அங்குக் கொண்டு சேர்த்தவரின் உழைப்புக்கோ ஊதியத்துக்கோ சான்று தேவையில்லை. 2023 இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில், நெகிழி மீள்சுழற்சி நிறுவனங்கள் சில ஏறத்தாழ 6 இலட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியது கண்டறியப்பட்டது. பதிவு பெற்றிருப்பது மட்டுமே மீள்சுழற்சி நடந்ததற்கு உறுதியாகாது என்பதை இது காட்டியது.

வரிக் கொள்கையும் இத்துறையைப் பாதிக்கிறது. 2024 அக்டோபரில், பதிவு பெறாதவரிடமிருந்து பழைய உலோகம் வாங்கும் பதிவு பெற்ற வணிகரே சரக்கு மற்றும் சேவை வரியைச் செலுத்தும் முறை கொண்டுவரப்பட்டது.

இந்திய முன்னெடுப்புகள்

புனே

மகாராட்டிர மாநிலம் புனேயில் 1993 ஆம் ஆண்டில் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்னும் தொழிற்சங்கம் தோன்றியது. காகிதம், கண்ணாடி, தகரம் சேர்க்கும் உழைப்பாளர் மன்றம் என்பது இப்பெயரின் பொருள். சமூகச் செயற்பாட்டாளர் பாபா ஆடவ், எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிகர்மானே ஆகியோர் இதன் உருவாக்கத்தில் பங்காற்றினர். உறுப்பினரில் பெரும்பாலோர் தலித் பெண்கள். மாநகராட்சி ஏற்பளித்த அடையாள அட்டையைப் பெற்றது இச்சங்கத்தின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்று. திருடர் என ஐயுற்று விரட்டப்பட்டவர்களுக்கு, தாம் செய்வது ஒரு தொழில் என நிறுவ அவ்வட்டை உதவியது.

வீடுவீடாகக் குப்பை எடுக்கும் பணியைத் தனியாருக்குக் கொடுத்தால் சேகரிப்போருக்குப் பொருள் கிடைக்காமல் போகும் நிலை ஏற்பட்டது. இதற்கு மாற்றாகச் சங்கத்தினர் ஸ்வச் என்னும் கூட்டுறவு அமைப்பை உருவாக்கினர். இது 2008 இல் புனே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்தது. இதன்படி உறுப்பினர்கள் வீட்டு வாயிலில் கழிவைப் பெறுகின்றனர்; வீட்டினர் மாதக் கட்டணம் செலுத்துகின்றனர்; மீள்சுழற்சிக்குரிய பொருட்களை விற்கும் உரிமை தொழிலாளருக்கே உரியது. தொட்டியில் கிளறும் பணி வாயிலில் பெறும் சேவையாக மாறியதால் பொருளின் தூய்மையும் தொழிலாளரின் மதிப்பும் கூடின. எனினும் ஒப்பந்தக் காலம் முடியும்போது புதுப்பித்தல் தாமதமாவது தொடர்ந்த சிக்கலாக இருந்துள்ளது.

உற்பத்தியாளரின் பொறுப்பைக் கோரியும் இவர்கள் செயற்பட்டனர். பயன்படுத்திய மாதவிடாய்ப் பஞ்சுகளையும் குழந்தை அணையாடைகளையும் வெறுங்கையால் கையாள நேர்வதைச் சுட்டி, 2013 இல் அவற்றை உற்பத்தி நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பும் இயக்கத்தை நடத்தினர். இவற்றைச் சுற்றி எறிய உறை வழங்குமாறு நிறுவனங்களைக் கோருவது அதன் நோக்கம்.

பெங்களூர்

2011 முதல் பெங்களூர் மாநகராட்சி கழிவு சேகரிப்போருக்கு அடையாள அட்டை வழங்கியது. 2012 இல் மாவள்ளிபுரக் குப்பைக் கிடங்கு மக்கள் எதிர்ப்பால் மூடப்பட்டதை அடுத்து, கழிவை வீட்டிலேயே பிரிப்பது வலியுறுத்தப்பட்டது. வட்டந்தோறும் உலர்கழிவு மையங்கள் அமைக்கப்பட்டன. ஹசிரு தள அமைப்பின் துணையுடன், முன்னாள் கழிவு சேகரிப்போர் சிலர் இம்மையங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றனர்.

2019 இல் பிரித்தானிய அழகுப்பொருள் நிறுவனமான தி பாடி ஷாப், பிளாஸ்டிக்ஸ் பார் சேஞ்சு நிறுவனம், ஹசிரு தள ஆகியவற்றுடன் இணைந்து பெங்களூரில் சேகரிக்கப்படும் நெகிழியை நியாய வணிக அடிப்படையில் வாங்கித் தன் புட்டிகளில் பயன்படுத்தத் தொடங்கியது. தன் மூலப்பொருள் எந்தத் தொழிலாளரிடமிருந்து வருகிறது என ஓர் உற்பத்தி நிறுவனம் தேடிச் சென்றதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

உற்பத்தி நிறுவனங்களின் பங்கு

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, உற்பத்தி நிறுவனங்கள் இத்துறையை ஆதரிக்கும் வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* நீண்டகாலக் கொள்முதல்: குறைந்தபட்ச விலையுடன் கூடிய ஒப்பந்தம், சந்தை வீழ்ச்சியின்போது தொழிலாளரைக் காக்கிறது, ஆலைக்கும் தடையற்ற வழங்கல் கிடைக்கிறது.
* உடனடிப் பணம்: ஆலை தாமதமாகச் செலுத்தினாலும், சேகரிப்போருக்கு அன்றே பணம் கிடைக்க இடைநிதி ஏற்பாடு செய்தல்.
* தீங்கான பகுதிகளைத் தனியே வாங்குதல்: எரிக்காத கம்பி, கழுவாத சுற்றுப் பலகை, உடைக்காத மின்கலம் ஆகியவற்றுக்கு நல்ல விலை தந்தால், அவற்றைப் பட்டறையில் பதப்படுத்தும் தூண்டுதல் குறையும்.
* இடமும் கருவியும்: வகைபிரிக்கக் கூரையுள்ள இடம், எடைக்கருவி, கட்டும் இயந்திரம், கம்பி உறை உரிக்கும் கருவி முதலியவை.
* வடிவமைப்பு: பெட் புட்டியில் பி.வி.சி. உறை இடாமை, ஒட்டுக்குப் பதில் திருகாணி, நெகிழி வகைக் குறியீடு, பல படலங்கள் ஒட்டிய உறைகளைத் தவிர்த்தல். பல படலங்கள் கொண்ட சிற்றுண்டி உறைகளை வாங்குவோர் அரிதாதலால், சேகரிப்போர் அவற்றை எடுப்பதில்லை.
* பொறுப்பான கழிவகற்றல்: வேதிப்பொருள், கதிரியக்கப் பொருள் முதலியவை பழைய இரும்போடு கலந்து செல்லாமல் தடுத்தல்.

பிற நாடுகள்

பிரேசிலில் கழிவு சேகரிப்போரின் தேசிய இயக்கம் 2001 இல் தோன்றியது. 2002 இல் அந்நாட்டுத் தொழில்வகைப் பட்டியலில் இது ஒரு தொழிலாகச் சேர்க்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் தேசியத் திடக்கழிவுச் சட்டம், பொருட்களைத் திரும்பப் பெறும் முறைகளில் இவர்களது கூட்டுறவுகளுக்கு இடமளித்தது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில், அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாக 2013 முதல் சேகரிப்போருக்கு அவர்கள் மீட்கும் எடைக்கேற்ப நகரச் சேவைக் கட்டணம் வழங்கப்பட்டது. எகிப்தின் கெய்ரோவில் 2003 இல் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குப்பைப் பணி அளிக்கப்பட்டது. தலைமுறைகளாக அப்பணியைச் செய்து, கழிவில் பெரும்பகுதியை மீள்சுழற்சி செய்துவந்த சபாலீன் சமூகத்தினர் இதனால் ஓரங்கட்டப்பட்டனர்.

2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, நெகிழி மாசு பற்றிய உடன்படிக்கைக்கான தீர்மானத்தில் முறைசாரா, கூட்டுறவுத் தொழிலாளரின் பங்களிப்பைக் குறிப்பிட்டது.

விமர்சனங்கள்

முறைசாராத் துறையை ஆதரிப்பது, கழிவில் உழலும் வாழ்வையும் அதனுடன் பிணைந்த சாதி ஒடுக்குமுறையையும் நிலைநிறுத்துவதாகும் என்பது ஒரு விமர்சனம். அடுத்த தலைமுறை இத்தொழிலிலிருந்து வெளியேறக் கல்வியே வழி என இவர்கள் கூறுகின்றனர். மாற்றுத் தொழில் இன்றி இருக்கும் தொழிலையும் பறிப்பது வறுமையை மட்டுமே கூட்டும் எனத் தொழிலாளர் அமைப்புகள் விடையளிக்கின்றன. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், தொழிலாளரின் ஊதியத்தை உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது அவர்களது நிலைப்பாடு.

குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரியாலைகள் மற்றொரு சர்ச்சைக்கு உரியவை. தில்லி ஓக்லாவில் 2012 இல் அத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. நன்கு எரியும் தாளும் நெகிழியுமே மீள்சுழற்சிக்கும் உகந்தவை என்பதால், எரியாலைகளும் கழிவு சேகரிப்போரும் ஒரே பொருளுக்குப் போட்டியிட நேர்கிறது.

இவற்றையும் பார்க்க

* கழிவு மேலாண்மை
* மின்னணுக் கழிவு
* பேண்தகு வளர்ச்சி
* உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு
* ஈய நச்சேற்றம்
* கூட்டுறவு